பெரிய எழுத்தில் நான் போட்ட தலைப்புகள்

வெப்சைட் செய்து கொடுக்கிற தொழிலில் வாடிக்கையாளர் முதலில் கேட்பது படம், அடுத்து கேட்பது கலர். தலைப்பை யாரும் கேட்பதில்லை. அதனாலேயே அதில்தான் நாம் அதிகம் தப்பு செய்கிறோம். மலேசியாவில் கோலசிலாங்கூரில் ஒரு மாடிக் கடையில் உட்கார்ந்து பதினோரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். நீங்களும் இதே வேலையில் இருந்தால், கீழே வருகிறவர்களில் யாராவது ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பதினோரு முதல் தலைப்பு

பாசிர் பெனம்பாங்கில் கருவாடும் காய்ந்த இறாலும் விற்கிற சீன முதலாளி லிம் தவுக்கே, தமிழர்கள் வேலை பார்த்த எஸ்டேட்டில் வளர்ந்தவர். தமிழில்தான் என்னிடம் பேசுவார். அவர் கடைக்கு வெப்சைட் பக்கம் செய்தபோது, எல்லாமே பெரிசாகத் தெரியவேண்டும் என்றார். இறால் பெரிசாக, கணவாய் பெரிசாக, நண்டு பெரிசாக, கடைப்பெயர் அதைவிடப் பெரிசாக. ஒரு பக்கத்துக்கு முதல் தலைப்பு ஒன்றுதான் இருக்கவேண்டும், மற்றது எல்லாம் அதன் கீழே துணைத் தலைப்பாக வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்படி இருந்தால்தான் இது எதைப் பற்றிய பக்கம் என்று தேடுபொறிக்கும் புரியும், வந்து படிக்கிறவருக்கும் புரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு வாதாடத் தெம்பில்லை. அவர் சொன்ன பதினொன்றையும் முதல் தலைப்பாகவே போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் படியேறி வந்தார். கருவாடு என்று தேடினால் பக்கத்துக் கடைதான் முதலில் வருகிறது, அவர் கடை எத்தனை பக்கம் தள்ளினாலும் வரவில்லை. பெருநாள் வியாபாரம் அதற்குள் முடிந்துவிட்டது. அவர் கேட்டபடிதானே செய்தேன் என்று நான் ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் கருவாடு விக்கிறவன், எல்லாத்தையும் பெரிசா போடத்தான் சொல்வேன். வேணாம்னு நீதான் சொல்லியிருக்கணும் லா."

பச்சை வயல்

தஞ்சோங் காராங்கில் ரொஸ்னா மக்சிக் என்று எல்லோரும் கூப்பிடும் மலாய்க்கார அம்மா, கணவர் இறந்த பிறகு வீட்டின் பின்பக்கத்து மூன்று அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். ஜன்னலைத் திறந்தால் வயல். மக்கள் என்ன சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று பார்த்து, அதையே தலைப்பில் வைத்தேன்: 'பச்சை வயல் நடுவே தங்குமிடம்.' ஒரே மாதத்தில் தேடலில் முதலிடம் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அறுவடை முடிந்த வாரம் ஜொகூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வயல் முழுக்க அறுத்துவிட்ட நெல்தாள், நடுநடுவே எரித்த கரி. அவர்கள் கூட்டி வந்திருந்த பாட்டியம்மாவுக்குப் பச்சை பார்க்கவேண்டும் என்று ஆசையாம். ஏமாற்றிவிட்டதாகச் சொல்லி, பெட்டியைக்கூடத் திறக்காமல் கிளம்பிவிட்டார்கள். மக்சிக் அவர்களுக்காகச் சமைத்து வைத்திருந்த மீனில் பாதியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். தலைப்பு தேடுகிறவருக்குப் பிடித்தால் மட்டும் போதாது, வந்து பார்க்கிறபோது உண்மையாகவும் இருக்கவேண்டும் என்பதை அந்த மீனைக் கையில் வாங்கிக்கொண்டுதான் யோசித்தேன். மக்சிக் மலாயில் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த தடவை எந்த மாசம்னும் சேர்த்து எழுதும்மா. நெல்லு என் பேச்சைக் கேட்காது."

நடுவில் வருகிற ஒரு வரி

சுங்கை பெசாரிலிருந்து முனியாண்டி என்பவர் போன் செய்தார். நாங்கள் ஒரு டியூஷன் சென்டருக்குச் செய்த பக்கத்தில் வகுப்புப் பதிவு எங்கே இருக்கிறது என்று கேட்டார். மகள் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு. அவருக்கு நாற்பது வயதில் கண் பார்வை போய்விட்டது, போன்தான் பக்கத்தை வாசித்துச் சொல்லும். விரலை ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், பிறகு வேண்டிய இடத்தில் நின்று கேட்டுக்கொள்வார். தட்டுங்கள், மூன்றாவது தலைப்பு பதிவுதான் என்று நான் தைரியமாகச் சொன்னேன்.

தட்டினார். அந்தப் பக்கத்தில் தலைப்பே இல்லை என்றது போன். என்னோடு வேலை பார்க்கிற சுரேஷ், வெறும் வரிகளை எடுத்து எழுத்தைப் பெரிசாக்கித் தடித்துவிட்டிருந்தான். கண்ணுக்கு அது தலைப்பு, போனுக்கு இல்லை. அதை நான் சரிபார்க்கவுமில்லை. அவர் போன் சென்டர் நடத்துகிறவரின் வரவேற்புரையை ஆரம்பத்திலிருந்து வாசிப்பதை மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தேன். பதிவு என்ற சொல் வர இருபது நிமிடம் ஆனது. கடைசி நாள் முந்தின நாளே முடிந்திருந்தது. அவர் அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கத்தோடு போராடியிருக்கிறார். நான் சென்டரில் போய்க் கெஞ்சினேன். இடமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அதைச் சொல்லத் திரும்பக் கூப்பிட்டபோது, எழுத்து நல்லாப் பெரிசாகத்தான் இருந்தது என்று உளறிவிட்டேன். "பெரிசா இருக்கும் மேடம். எனக்கு அதுவும் நடுவுல வர்ற ஒரு வரிதான்."

தலைவரின் வாழ்த்து

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒரு டயாலிசிஸ் நிலையம். நன்கொடையில் நடப்பது, பெயர் வேண்டாம். தீபாவளி வாரத்தில் செவ்வாய்க்கிழமை மூடுவதால், அந்த நாள் சிகிச்சையைத் திங்களுக்கு மாற்றினார்கள். அறிவிப்பைப் பக்கத்தில் போடச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். கூடவே நிலையத் தலைவரின் தீபாவளி வாழ்த்தும் வந்தது. வாழ்த்துதான் மேலே வரவேண்டும் என்று தலைவர் தானே போன் செய்து சொன்னார். முதல் தலைப்பாக அதைப் போட்டேன். நாள் மாற்றத்தை வாழ்த்தின் மூன்றாவது பத்தியில் சாதாரண எழுத்தில் சேர்த்துவிட்டேன். அதற்குக் கீழே 'சிகிச்சை நாட்கள்: செவ்வாய், வியாழன், சனி' என்ற பழைய தலைப்பு அப்படியே இருந்தது. அதைத் தொடவில்லை. எனக்கும் தீபாவளி, முறுக்கு சுட உட்காரவேண்டியிருந்தது.

பெஸ்தாரி ஜெயா பக்கத்து எஸ்டேட்டில் லோரி ஓட்டிய ராமையாவுக்கு அங்கேதான் சிகிச்சை. நாள் மாறுகிறது என்று நர்ஸ் சொன்னது நினைவிருந்தது, எந்த நாள் என்பது மறந்துவிட்டது. மகள் புஷ்பாவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ரவாங் ஃபேக்டரியில் டீ பிரேக்கில் அவள் போனைத் திறந்து, தலைப்புகளை ஓடவிட்டுப் பார்த்து, மாறவில்லை, வழக்கம்போலச் செவ்வாய்தான் அப்பா என்று சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை போனால் கேட் பூட்டியிருந்தது. அன்று சாயங்காலமே அவருக்கு நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பிழைத்துக்கொண்டார், ஆனால் அதற்குப் பிறகு தனியாக நடக்கவில்லை.

நிலையத்தின் நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். புஷ்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, தப்பு தன்னுடையதுதான், கீழே வரைக்கும் படித்திருக்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். படிக்கிற அவசரத்தில் யாரும் தலைப்பைத்தான் பார்ப்பார்கள், அதற்காகத்தான் தலைப்பே இருக்கிறது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. பழத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கடைக்கு வந்ததும் நாள் மாற்றங்களுக்கென்று ஒரு தலைப்பை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். வாழ்த்து ஏன் கீழே போனது என்று கேட்டுத் தலைவர் போன் செய்தார். இந்த முறை எடுத்துக் கூறினேன், ஒப்புக்கொண்டார். இரண்டே நிமிடப் பேச்சு, முன்பே பேசியிருக்கலாம்.

பக்கம் சரியாகிவிட்டது, எனக்குத்தான் தூக்கம் சரியில்லை. ராமையா வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆனபின் அங்கே போனேன். அந்தத் தலைப்பைப் போட்டது நான், மாற்றாமல் விட்டதும் நான் என்று வாசலில் நின்றே புஷ்பாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கைத்துணியை மடித்து வைத்தாள். பிறகு உள்ளே வரச் சொல்லி வழிவிட்டாள். "இதையே அப்பாகிட்டயும் சொல்லுங்கக்கா. ரெண்டு வாரமா அவர் முகத்தைப் பார்க்காமத்தான் சோறு வைக்கிறேன்."

இப்போதெல்லாம் என் தலைப்புகள் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன, தேடுபொறிகூடக் குறை சொல்வதில்லை. என்னைத் திட்டவேண்டிய மனிதர்கள் யாரும் திட்டாமலே போய்விட்டதுதான் இன்னும் சரிசெய்ய முடியாமல் கிடக்கிறது.