செல்வரட்ணத்தார் வீட்டுக்குப் போகாத சோறு

சுசீலாதேவிக்குக் கோவக் கொதி வந்தால் முதலிலை மூக்குச் சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும். செல்வரட்ணத்தாரின்ர செத்தவீட்டண்டு ரெண்டும் ஒண்டாய் நடந்துது. அண்டு பத்திக்கொண்ட கொதி ஒரு கிழமையாய் அடங்கேல்லை. ஆரைக் கண்டாலும் அதே கதைதான்.

அவா டென்மார்க்கிலை, ஒடென்சே நகரத்து வயோதிபர் இல்லத்திலை இருபத்திரண்டு வருசமாய் வேலை. கிழவர்மாரைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, பகல் மூண்டு மணிக்கு வீட்டை வாற மனிசி. புருசன் குலேந்திரன் யன்னல் செய்யிற தொழிற்சாலையிலை நிக்கிறார். அறுபது எழுபது வருசத்துப் பழைய செங்கல் வீடு ஒண்டை வாங்கி இருக்கினம். பொரிக்கிற மணம் வீட்டுக்கை நிக்கக்கூடாதெண்டு, வாங்கின அண்டே கராஜுக்கை ரெண்டாவது அடுப்பொண்டு பூட்டியாச்சு. அது எங்கட சனத்தின்ர வீடுகளிலை வழமைதானே. ஆனால் சுசீலாவின்ர அடுப்பு மீன் பொரிக்கிறதோடை நிண்ட அடுப்பில்லை. ஒடென்சேயிலை எந்தத் தமிழ் வீட்டிலை சாவு விழுந்தாலும், அந்த வீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாதெல்லோ, சோறு கறி போறது இந்தக் கராஜிலை இருந்துதான். பத்தொன்பது வருசமாய் அப்பிடி. ஒருத்தரும் அவாவை நியமிக்கேல்லை. முதல் தரம் ஒரு வீட்டுக்குக் காய்ச்சிக் குடுத்தா, அடுத்த சாவுக்குச் சனம் தானாய் அவாவுக்கு ரெலிபோன் எடுத்துது. "சுசீலா இருக்கிறா, சோத்துப் பிரச்சினை இல்லை" எண்டு சனம் சொல்லுறது அவாவின்ர காதிலையும் விழும். அந்தச் சொல்லிலை அவாவுக்கு ஒரு பெருமை. ஏன் இருக்கக்கூடாது?

போன வருசம் குலேந்திரனுக்குக் கறன்ற் கார் ஆசை பிடிச்சுது. கார் வந்துது. காருக்குச் சார்ஜ் போடுற பெட்டி பூட்ட ஒரு கொம்பனிக்குச் சொன்னார். கொம்பனிக்காரன் வீட்டைப் பாக்க வரேல்லை. இணையத்திலை ஒரு படிவம். வீட்டிலை சோனா எண்ட நீராவிக் குளியலறை இருக்கோ? வெப்பப் பம்பி இருக்கோ? நீச்சல் குளம் இருக்கோ? இந்தக் கேள்வியளுக்கெல்லாம் குலேந்திரன் "இல்லை, இல்லை, இல்லை" எண்டு அமத்தினார். கராஜிலை அறுபது பேருக்குச் சோறு காய்ச்சுற அடுப்பு இருக்கோ எண்டு அதிலை ஒருத்தனும் கேக்கேல்லை. கடைசியாய், வீட்டுக்குக் கறன்ற் வந்து சேருற மெயின் போட்டின்ர படம் ஒண்டு அனுப்பு எண்டு கிடந்துது. குலேந்திரன் கராஜுக்குப் போய், அங்கை சுவரிலை கிடந்த வெள்ளைப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினார். ஏன் கராஜுக்குப் போனவர் எண்டது பிறகு வரும். அந்தப் பெட்டி முந்தின வீட்டுக்காரன், ஒரு தச்சன், தன்ர மெசினுகளுக்கெண்டு போட்ட புதுப் பெட்டி. வரிசையாய் பளபளவெண்டு சுவிச்சுகள். படத்தைப் பாத்த கொம்பனி "எல்லாம் நல்லாயிருக்கு" எண்டு மறுமொழி போட்டுது. ஒரு பெடியன் வந்தான், ரெண்டு மணித்தியாலத்திலை பூட்டினான், போயிட்டான். சுசீலா அப்ப வேலையிலை.

மூண்டு மாசம் ஒரு குறையும் இல்லை. கார் இரவிலை சார்ஜ் ஏறும், அடுப்பு பகலிலை எரியும், ரெண்டும் சந்திச்சதில்லை.

செல்வரட்ணத்தாரை எரிச்ச அண்டுதான் சந்திச்சுது. சுடலையிலை இருந்து சனம் ஒரு மணிக்கு வீட்டை திரும்பும், வந்த உடனை சாப்பாடு வேணும். அறுபது பேர். சுசீலா ஒரு நாள் லீவு எடுத்து விடிய ஆறு மணிக்கே கராஜிலை இறங்கீட்டா. பருப்பு முடிஞ்சுது, கத்தரிக்காய் முடிஞ்சுது, பூசணிக்காய் முடிஞ்சுது. பதினொண்டரைக்குக் கிடாரத்திலை அரிசி கொதிக்கத் தொடங்குது. சாப்பாடு ஏத்திக்கொண்டு போகவேணுமெண்டு குலேந்திரன் பத்து மணிபோலை காரைச் சார்ஜிலை போட்டிருந்தார், நல்ல மனிசன், உதவிதானே செய்தவர். டப். கராஜ் லைற் நிண்டுது. அடுப்பு நிண்டுது. பிறீசரும் நிண்டுது.

வெள்ளைப் பெட்டியிலை எல்லாச் சுவிச்சும் மேலை தான் நிக்குது, ஒண்டும் விழேல்லை. குலேந்திரன் அதுகளை மேலையும் கீழையுமாய்த் தட்டிக்கொண்டு நிக்கிறார், தட்டினால் என்ன வருமாம்? வீட்டுக்கை பாதி லைற் எரியுது, பாதி இல்லை. குசினி அடுப்பிலை ஒரு தட்டு மட்டும் சுடுது, கிடாரத்தை அதிலை வைக்கவும் ஏலாது. அவசர நம்பருக்கு அடிச்சால், போனது உங்கட வீட்டுப் பியூஸ் இல்லை, வீதிக்கரைப் பெட்டியிலை இருக்கிற பியூஸ், அது சீல் வைச்சது, நாங்கள் தான் வரவேணும், பின்னேரம் வருவம் எண்டு சொல்லுறாங்கள். பின்னேரமோ! செத்தவீட்டுச் சனம் பின்னேரம் மட்டும் பட்டினி கிடக்கிறதோ? கைக்கு உதவ ஒரு பொம்பிளையும் இல்லை, எல்லாரும் சுடலையிலை.

சோறு அரை அவியலாய், அரிசியும் இல்லாமல் சோறும் இல்லாமல், கிடாரத்திலை பொருமிப் போய்க் கிடந்துது. செத்தவீட்டுக்கு அடிச்சால் ஒருத்தரும் எடுக்கேல்லை, சோறில்லாமல் வெறுங்கறியோடை போய் நிக்கவும் மனம் வரேல்லை. சுசீலா அகப்பையோடை நிண்டு அழுதா.

செத்தவீட்டிலை என்ன நடந்ததெண்டு அடுத்த நாள் தான் காதிலை விழுந்துது. பசியிலை பிள்ளையள் கத்த, செல்வரட்ணத்தாரின்ர மருமகன் ஓடிப்போய் பீட்சா வாங்கிக்கொண்டு வந்தவனாம். அவசரத்திலை பன்றி இறைச்சி போட்டது. மச்சம் மாமிசம் தொடாத செத்தவீட்டிலை! சனம் இறைச்சியைக் கிள்ளி ஒதுக்கிப்போட்டுச் சாப்பிட்டதாம். செல்வரட்ணத்தாரின்ர மனிசி கமலாதேவிக்கும் ஒரு துண்டை நீட்ட, அவா அதைக் கடுதாசியாலை மூடி வைச்சுப்போட்டு வெறுந்தேத்தண்ணி குடிச்சவாவாம்.

இதைக் கேட்டால் ஆருக்குத்தான் கொதி வராது? சுசீலா கொம்பனிக்கு அடிச்சா. "நீங்கள் அனுப்பின படத்தின்படி எல்லாம் சரி" எண்டாள் ஒருத்தி. "கராஜிலை அடுப்பெண்டு நீங்கள் அறிவிக்கேல்லையே. ஆர் கராஜிலை சமைக்கிறது?"

"நான் சமைக்கிறன்! பத்தொன்பது வருசமாய்ச் சமைக்கிறன்! நீ கேட்டனியோ? சோனாவைக் கேட்டாய், குளத்தைக் கேட்டாய், அடுப்பைக் கேட்டனியோ?" இவ்வளவையும் டெனிஷிலை சொல்லி, மிச்சத்தைத் தமிழிலை சொல்லி ரெலிபோனை வைச்சா.

குலேந்திரன் அந்த நேரம் பாத்து வாயைத் திறந்தார். "அப்ப ஒண்டு செய்வம். கராஜ் அடுப்பைக் கழட்டிவிடுவமே?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? நேற்று வந்த காருக்காக என்ர அடுப்பைக் கழட்டுறதோ? உங்கட காரைக் கழட்டுங்கோ!" அதோடை குலேந்திரன் அந்தக் கதையை விட்டிட்டார்.

அந்தக் கிழமை முடிய றொனிஷனைக் கூப்பிட்டா. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், லைசன்ஸ் உள்ள எலெக்ரீசியன், முப்பத்தைஞ்சு வயசிருக்கும். வந்தவன் காரையும் பாக்கேல்லை, சார்ஜ் பெட்டியையும் பாக்கேல்லை. "அன்ரி, வீதியிலை இருந்து கறன்ற் வீட்டுக்கை எவ்விடத்தாலை வருது? அதை முதல் காட்டுங்கோ" எண்டான்.

அது வாசலுக்குப் பக்கத்துச் சின்ன அறை. சாமியறை. கறன்ற் வந்து சேருற பழைய போட், சாமிப்படம் வைச்ச அலுமாரிக்குப் பின்னாலை. றொனிஷன் சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு உள்ளை வந்தான். சுசீலா படங்களை ஒவ்வொண்டாய் எடுத்துத் தர, குலேந்திரனும் அவனும் அலுமாரியை நகர்த்திச்சினம். பின்னாலை கறுத்த பலகையிலை வெள்ளைப் பீங்கான் பியூசுகள், அதுக்கு மேலை ஐம்பது வருசத்துத் தூசு.

அவன் அளந்து பாத்திட்டுச் சொன்னான். "அன்ரி, வீதியாலை மூண்டு பேஸ், மூண்டு கறன்ற் கம்பி, போகுது. உங்கட வீட்டுக்கு ரெண்டுதான் எடுத்திருக்கினம், அந்தக் காலத்திலை அது காணும். ஒவ்வொண்டுக்கும் இருபத்தைஞ்சு அம்பியர். கராஜ் முழுக்க அதிலை ஒண்டிலை தொங்குது. கார், அடுப்பு, பிறீசர் மூண்டும் அந்த ஒண்டிலை தான். அடுப்பு தனிய எண்டால் தாங்கும், காரும் சேர்ந்தால் ஒரு மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலம் தாங்கும், பிறகு பியூஸ் உருகும். கராஜிலை இருக்கிற வெள்ளைப் பெட்டி இதிலை இருந்து போற கிளை. கிளையைப் பாத்து அடிமரத்தைச் சொல்ல ஏலாது."

பிறகு குலேந்திரன் பக்கம் திரும்பினான். "அங்கிள், மெயின் போட்டைத்தானே கேட்டவை. ஏன் கராஜை எடுத்து அனுப்பினனீங்கள்?"

குலேந்திரன் நிலத்தைப் பாத்தார். "ஏதோ தெரியாத்தனம்" எண்டார்.

சுசீலாவுக்கு அப்பதான் நெஞ்சுக்கை சுருக்கெண்டுது. தெரியாத்தனமோ? அவர் படம் எடுக்க அண்டைக்கு முதல் வந்தது இந்த அறைக்குத்தான். அப்ப அவற்ற சித்தப்பா ரொறொண்டோவிலை செத்து அஞ்சாறு நாள், வீட்டிலை துடக்கு, சாவுத்தீட்டு. அலுமாரியிலை கை வைச்ச மனிசனைக் குசினியிலை நிண்டு கத்தினது ஆர்? "துடக்கோடை சாமி அலுமாரியைத் தொடாதேங்கோ! முப்பத்தொண்டாம் நாள் முடியட்டும்! கராஜிலையும் ஒரு பெட்டி கிடக்குத்தானே, அதை எடுத்து அனுப்புங்கோ!" சொன்னது அவாவேதான். ஒரு கிழமையாய் ஊர் முழுக்கப் புருசனைத் திட்டித் திரிஞ்சிருக்கிறா, அந்த மனிசன் ஒரு தரம் கூட "நீ தானே சொன்னனீ" எண்டு வாய் திறக்கேல்லை. அதுதான் கூடச் சுட்டுது.

"நான் தான் சொன்னனான் தம்பி" எண்டா. அதுக்காகக் கொதி அடங்கினதெண்டு நினைக்காதேங்கோ. "ஆனால் ஒண்டு கேக்கிறன். நான் விசரி, ஒரு பெட்டியைக் காட்டினன். வந்து பூட்டின பெடியனுக்குக் கண் இல்லையோ? வீட்டுக்கு எவ்வளவு வருதெண்டு பாக்காமல், படத்தைப் பாத்தோ காருக்குக் கறன்ற் குடுக்கிறது?"

"இல்லை அன்ரி. அவன் இதைப் பாக்காமல் பூட்டியிருக்கவே கூடாது. நான் எழுதித் தாறன், அனுப்புங்கோ." எழுதியும் குடுத்தான். அடுப்பைக் கழட்டத் தேவையில்லை எண்டான். மெயின் போட்டிலை ஒரு சின்னக் கருவி போட்டால், அடுப்பு எரியேக்கை கார் தானாய்க் குறைச்சு எடுக்கும், தேவையெண்டால் நிப்பாட்டும். மூண்டாவது பேஸ் வேணுமெண்டால் தோட்டத்தைக் கிண்டவேணும், அது ஆறுதலாய்ப் பாக்கலாம். சுசீலா அண்டைக்கே சாமிப்படங்களை மாடியறைக்கு மாத்தினா. பழைய போட்டுக்கு முன்னாலை இனி ஒரு துரும்பும் வைக்கக்கூடாதெண்டு சட்டம் போட்டா.

ஒரு வேலை மிச்சம் கிடந்துது. பின்னேரம் கமலாதேவி வீட்டை போனா. எட்டுச்செலவுச் சடங்கு முடிஞ்சு வீடு அமைதியாய்க் கிடந்துது. இருக்கமுதலே சொல்லிப்போட்டா. கொம்பனியிலை பிழைதான், ஆனால் சாமி அலுமாரியை நகர்த்தவேண்டாமெண்டு தடுத்தது நான், சோறு வராததுக்கு நானும் காரணம், அக்கா.

கமலாதேவி தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா. பிறகு, "முப்பத்தொண்டுக்குப் பிள்ளையள் கடைக்குச் சொல்லிப்போட்டுதுகள்" எண்டா.

சுசீலாவுக்குக் கண் கலங்கிப் போச்சு. பத்தொன்பது வருசம் ஒரு நேரச் சோத்தோடை போயிட்டுது. "அதுதான் நல்லது அக்கா" எண்டு எழும்பினா.

"இரு. நான் முடிக்கேல்லை." கமலாதேவி அவாவின்ர கையைப் பிடிச்சா. "அண்டைக்கு நான் ஏன் அந்தப் பீட்சாவைத் தொடேல்லை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. துக்கத்திலை எண்டு நினைச்சுப்போட்டினம். சுசீலா எப்பிடியும் கொண்டு வருவாள் எண்டு யன்னலுக்குப் பக்கத்திலை இருந்தனான். பொழுது படுமட்டும் உங்கட காரைப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

சுசீலா விம்மி விம்மி அழுதா.

"கடைச் சோத்தைச் சனம் சாப்பிடட்டும்" எண்டா கமலாதேவி. "எனக்கும் அவருக்குப் படைக்கிறதுக்கும் நீ காய்ச்சிக்கொண்டு வா."

சுசீலா மூக்கைத் துடைச்சுக்கொண்டு, "எத்தினை மணிக்கு அக்கா?" எண்டு கேட்டா.