நிறைந்த வேலி

ஓரின் ட்வெட் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறாரா என்பதை அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. டுவைட் கெஸ்லரின் தபால் பெட்டியில் தொடங்கி ஓடைப் பாலம் வரை போகும் முள்கம்பி வேலியைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். கொன்ற கயோட்டிகளைப் பின்னங்காலில் கம்பி கட்டி அந்த வேலியில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். யார் தொடங்கிய வழக்கமோ, யாருக்கும் நினைவில்லை. வேலி நிறைந்திருந்தால் ஓரினின் பிக்கப் வண்டியைக் கண்டதும் ஹாரன் அடிப்பார்கள். காலியாக இருந்தால் மளிகைக் கடையில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும்.

கிழக்கு மொன்டானாவின் அந்த மேய்ச்சல் காட்டில் முப்பத்தெட்டு வருடமாக அவர்தான் கயோட்டி பிடிக்கிறவர். ஆட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் ஆள். நரியைவிடப் பெரிதும் ஓநாயைவிடச் சிறிதுமான அந்த மிருகத்துக்கு இரண்டின் புத்தியும் சேர்ந்து இருக்கிறது என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்றம்தான் காரணம் என்று ஊர் சொல்லும். கயோட்டியை இழுக்கப் பொறியில் தடவுகிற வாசனைக் குழம்பை அவரே தயாரிப்பார். அழுகிய மீனும் கயோட்டி மூத்திரமும் ஒரு வருடம் ஜாடியில் ஊறியது அது. எத்தனை முறை துவைத்தாலும் அது சட்டையை விட்டுப் போகாது. தேவாலயத்தில் அவர் உட்காருகிற பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

அவரைச் சமையலறைக்குள் விடுகிற ஒரே ஆள் மார்லிஸ் ஹாகன். அங்கும் கதவோரத்து நாற்காலிதான், கதவும் திறந்தே இருக்கும். ஆனாலும் அது அவருக்கென்றே போட்ட நாற்காலி. மார்லிஸின் கணவர் லீலண்ட் டிராக்டர் கவிழ்ந்து இறந்து ஐந்து வருடமாகிறது. இருநூற்றுத் தொண்ணூற்றேழு தாயாடுகளை வைத்துக்கொண்டு அவள் தனியாக மல்லுக்கட்டினாள். ஆட்டுக் காவலுக்கு, ஒட்டக இனத்தைச் சேர்ந்த ஒரு கிழட்டு லாமா, பெயர் கர்னல்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள், அந்தி மங்கும் நேரம், காப்பிக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு மார்லிஸ் சொன்னாள்: "இன்னும் ஒரு வசந்தம் பாக்கலாம்னு இருக்கேன் ஓரின். குட்டிங்க நல்லாத் தங்கிச்சுன்னா இருப்பேன். இல்லேன்னா எல்லாத்தையும் வித்துட்டு பில்லிங்ஸுக்குப் போயிடுறேன். அண்ணனுங்க நச்சரிப்புத் தாங்கல."

"தங்கும்" என்றார் ஓரின்.

"என்னமோ எழுதி வெச்சவன் மாதிரி சொல்றே!"

அப்போது வடக்கே சிடார் மேட்டிலிருந்து ஊளை கேட்டது. ஒரு கட்டைக் குரல், அதன் மேல் ஏறிக்கொண்டு ஒரு கீச்சுக் குரல். கர்னல் காதைக்கூடத் திருப்பவில்லை.

"யாரது?" என்றாள் மார்லிஸ். ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"நம்ம ஆளுங்கதான்."

"கயோட்டியப் பிடிக்கிறவன் பேசற பேச்சா இது? உனக்குக் கிறுக்கு முத்திப் போச்சு" என்று சிரித்தாள். ஓரினும் சிரித்தார். அவர் சொன்னது வேடிக்கையில்லை என்று அவளுக்குத் தெரியாது.

சிடார் மேட்டில் ஒரு ஜோடி இருந்தது. பெட்டைக்கு முன்னங்காலில் மூன்று விரல்தான். நான்காவது, ஆறு வருடத்துக்கு முன் ஓரினின் பொறியிலேயே போயிற்று. கடுவனுக்குத் தோளில் சாம்பல் பட்டை. முதல் வருடம் அவற்றைக் கொல்லத்தான் ஓரின் அலைந்தார். போகிற வழியெல்லாம் அவற்றின் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். முயல் மயிர், தரை அணிலின் பல், வெட்டுக்கிளிக் கால். ஆட்டு மயிர் ஒரு இழைகூட இல்லை. அடுத்த வருடமும் அப்படியே. ஆடுகள் குட்டி போட்ட இடத்தில் நஞ்சுக்கொடியை வந்து தின்றுவிட்டுக் குட்டியைத் தாண்டிப் போன தடத்தை அவர் தன் கண்ணால் பார்த்தார். வெளியிலிருந்து வேறு கயோட்டி வந்தால் இந்த இரண்டும் எல்லை வரை விரட்டிக் கடித்துத் துரத்தும். மார்லிஸின் குட்டிகள் பிழைத்தது கர்னலாலும் இல்லை, ஓரினாலும் இல்லை.

இதை அவர் ஒரு ஆளிடமும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? கொல்லுவதற்கென்று வைத்த ஆள், கொல்லாமல் விட்டேன் என்று சொன்னால் ஊர் சிரிக்காதா? அவருக்கு இன்னொன்றும் தெரியும். வாலிபத்தில் அவர் குதிரை இறைச்சியில் விஷம் வைத்தவர். ஒரு குளிர்காலம் முழுக்க வைத்தார். கயோட்டிகள் செத்தன. கூடவே கழுகுகள் செத்தன, சின்ன நரிகள் செத்தன, அவருடைய சொந்த நாயும் செத்தது. மறு வருடம் முயல்கள் புற்றீசலாகக் கிளம்பி வைக்கோல் போரையெல்லாம் குடைந்தன. அதற்கு அடுத்த வருடம் கயோட்டிகள் வந்தன, முன்பு இருந்ததைப்போல இரண்டு மடங்கு. அந்த நாயைப் புதைத்த இடத்தை இன்றைக்கும் அவர் சுற்றிக்கொண்டுதான் போவார்.

பிப்ரவரியில், லூத்தரன் தேவாலயத்தின் அடித்தள அறையில் ஆட்டுக்காரர்கள் கூட்டம். டுவைட் கெஸ்லர் எழுந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவன், போன வசந்தத்தில் பதினோரு குட்டிகளைப் பறிகொடுத்தவன். வயிற்றெரிச்சல் இருக்கத்தானே செய்யும்.

"என்ன பெருசு, என் வேலி ஏன் இப்படி மொட்டையா நிக்குது? போன வருஷம் பூரா நாலே நாலு. குருவிங்க வந்து உக்காந்துட்டுப் போகுது."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"பனி ஜாஸ்தி" என்றார் ஓரின்.

"பனியா? சிடார் மேட்டுல தினம் சாயந்திரம் கச்சேரி நடக்குது. என் வீட்டுக்கே கேக்குது. உங்களுக்கு மட்டும் காது அடைச்சுப் போச்சா? இல்ல, எல்லாத்தையும் கொன்னுட்டா வேலை போயிடும்னு வளத்து வெச்சிருக்கீங்களா? வேலியே பயிரை மேஞ்சா யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஓரின் மார்லிஸைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை, 'என் குட்டிங்க நல்லாத்தானே இருக்கு' என்று அவள் சொல்லியிருந்தால் போதும். அவள் தலைகுனிந்து தன் கையுறையின் பிரிந்த தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதையேதான் நினைக்கிறாள் என்று ஓரின் எடுத்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருட உழைப்பையும் டுவைட் ஒரு வாக்கியத்தில் துடைத்துவிட்டான். மனிதனுக்கு ரோஷம் வந்துவிட்டால் அறிவு முன்வாசல் வழியாகவே வெளியேறிவிடும்.

ஏப்ரல் முதல் வாரம், விடியற்காலையில், அவர் சிடார் மேட்டுக்கு ஏறினார். முதுகைச் சேஜ் புதருக்குக் கொடுத்து உட்கார்ந்து ஊளைக் குழலை ஊதினார். யாரோ வேற்றூர்க் கயோட்டி எல்லைக்குள் வந்துவிட்டதுபோல ஒரு ஊளை. அந்த ஒரு விரலுக்குப் பிறகு பொறிக்கும் குரலுக்கும் ஏமாறாத ஜோடி அது. ஆனால் பெட்டை நிறைமாதம். நிறைமாதத்தில் எல்லைக்குள் அந்நியனை எந்தக் கயோட்டியும் பொறுக்காது. இரண்டும் நேராக ஓடி வந்தன, பதுங்காமல், ரோமம் சிலிர்க்க. மார்லிஸின் ஆடுகளைக் காப்பாற்ற எப்படி ஓடி வருமோ, அப்படியே வந்தன. முதல் தோட்டா கடுவனுக்கு. பெட்டை ஓடியிருக்கலாம். அது நின்று கடுவனை முகர்ந்தது. இரண்டாவது தோட்டா அதற்கு.

வேலியில் கட்டும்போது பெட்டையின் வயிற்றுக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. ஓரின் கம்பியை விட்டுவிட்டுப் போய் வண்டிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வந்து கட்டி முடித்தார்.

அன்று மதியத்துக்குள் ஏழு ஹாரன். டுவைட் ஓரினின் வீட்டு வாசலுக்கே வந்து ஒரு பெட்டி பீரை இறக்கினான். "கூட்டத்துல கொஞ்சம் வாய் நீண்டுடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க பெருசு" என்றான். மார்லிஸ் தன் சமையலறையில் புளிப்பான ருபார்ப் தண்டை மாவில் பொதிந்து 'பை' சுட்டுக் கொடுத்தாள்.

"ரெண்டுமே போயிடுச்சுல்ல ஓரின்? இனி நிம்மதியாத் தூங்குவேன்" என்றாள்.

ஓரின் தட்டைத் தொடாமல் நாற்காலிக்கு அடியில் வைத்தார். சாயந்திரம் மங்கியது. மேட்டிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. கர்னல் மட்டும் வடக்கே பார்த்துக் காதை நட்டுக்கொண்டு நின்றது. படுக்கவே இல்லை.

மூன்று வாரம் அந்த அமைதி இருந்தது. ஓரின் தினமும் ஒவ்வொரு வாய்க்காலாக இறங்கித் தடம் பார்த்தார். நான்காவது வாரம் பாலத்தடிச் சேற்றில் ஒரு தடம் கண்டார். இளசு, மூன்று விரற்கடைக்கு மேல் நீளமில்லை, நான்கு விரலும் இருந்தன. அதன் பக்கத்தில் இன்னொன்று. மறுநாள் கிழக்கே மூன்று. ஆற்றுப் பள்ளங்களிலிருந்து கிளம்பிய, எல்லை இல்லாத, ஊர் தெரியாத இளவட்டங்கள். எச்சத்தைக் கிளறினார். ஆட்டு மயிர்.

மே மாதம் ஆடுகள் குட்டி போடத் தொடங்கின. முதல் நாள் ஒன்று செத்துக் கிடந்தது, தொண்டையில் நான்கு பல் பதிந்து. மறுநாள் மூன்று. அதில் இரண்டை வாய்கூட வைக்கவில்லை, கொன்றுவிட்டு விட்டுப் போயிருந்தன. அனுபவமில்லாததுகள் விளையாட்டுக்குக் கொல்லும். ஓரின் வீட்டுக்குப் போகவே இல்லை, வண்டியிலேயே தூங்கினார். பொறி வைத்தார், குழல் ஊதினார், சுட்டார். வேலியில் ஐந்து தொங்கியது, ஒன்பது ஆயிற்று, பதினான்கு ஆயிற்று. ஒன்றைக் கட்டிவிட்டு வருவதற்குள் இரண்டு குட்டி போயிருக்கும். கர்னலைப் பின்தொடை கிழிந்து ஓடையோரம் நிற்கக் கண்டார்கள். மார்லிஸே அதைச் சுடச் சொன்னாள். சுடும்போது அவள் திரும்பிக்கொள்ளவில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்த ஆண்டிக்கு ஊதிய பிறகுதான் புத்தி வந்தது என்று சொல்லவும் வழியில்லை. ஊதும் முன்பே தெரியும். அதுதான் அவரைக் கொன்றது.

வேலிப் பக்கம் போகிற வண்டிகள் மட்டும் நிற்காமல் ஹாரன் அடித்தன. இப்படி நிறைந்த வேலியை அந்த ஊர் பார்த்ததே இல்லை.

ஜூன் தொடக்கத்தில் வாலறுப்பு. குட்டிகளைப் பட்டியில் அடைத்து வாலை அறுத்து ஒரு பக்கம் குவிப்பார்கள். எத்தனை குட்டி தேறின என்பதை வால்களைப் பத்துப் பத்தாக அடுக்கித்தான் எண்ணுவார்கள். உதவிக்கு வந்த டுவைட்தான் எண்ணினான். போன வருடம் முந்நூற்று ஐம்பத்தொன்று. இந்த வருடம் இருநூற்றுப் பதினான்கு. நம்பாமல் இரண்டாம் முறை எண்ணினான்.

"என் பக்கமும் இப்படித்தான் மார்லிஸ். இந்த வருஷம் என்ன பீடையோ" என்றான். பிறகு ஓரினின் முதுகில் தட்டினான். "இந்த மனுஷன் மட்டும் இல்லேன்னா இதுகூட மிஞ்சியிருக்காது. பத்தொம்போது! என் வேலியில இடமே இல்ல."

டுவைட் போனபிறகு ஓரின் சமையலறைக் கதவோரத்தில் நின்றார். நாற்காலியில் உட்காரவில்லை.

"உக்காரு. காப்பி போட்டிருக்கேன்" என்றாள் மார்லிஸ். அவள் குரலில் எதுவுமே இல்லை. "அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன். செப்டம்பர்ல ஆளு வந்து ஆட்டைப் பாக்கறாங்களாம்."

"மார்லிஸ். அந்த மேட்டு ஜோடி உன் ஆட்டைத் தொட்டதே இல்ல. ஆறு வருஷமா. மத்ததுங்கள உள்ள விடாமத் தடுத்ததும் அதுங்கதான்."

அவள் காப்பிப் பானையைக் கீழே வைத்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல்லருந்தே."

"தெரிஞ்சேதான் சுட்டியா?"

"தெரிஞ்சேதான்."

"நம்ம ஆளுங்கன்னு சொல்லுவியே..." என்று தொடங்கி நிறுத்தினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா ஓரின்? நான் சிரிச்சிருப்பேனா?"

"சிரிச்சிருக்க மாட்டே" என்றார் அவர். அவருக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கோப்பையை நிரப்பி அவர் கையில் கொடுத்துவிட்டு, எப்போதும் போலக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். வெளியே அந்தி மங்கிக்கொண்டிருந்தது. பட்டியில் வாலறுந்த குட்டிகள் தாயைத் தேடிக் கத்தின.

அப்போது சிடார் மேட்டில் ஊளை கேட்டது. கட்டைக் குரல் இல்லை, கீச்சுக் குரலும் இல்லை. ஒன்று தொடங்கி, நாலைந்து சேர்ந்து, மேற்கிலிருந்து இன்னும் சில பதில் கொடுத்தன. ஆடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின.

"யாரது?" என்றாள் மார்லிஸ், பழக்கத்தில்.

அந்தக் காட்டில் ஒவ்வொரு குரலையும் அறிந்த மனிதர் காதைக் கொடுத்து வெகுநேரம் கேட்டார்.

"தெரியல மார்லிஸ்" என்றார். "யாருன்னே தெரியல."