ரிவர்ஸின் ராஜா

என் வீட்டுக்காரருக்குக் கிடங்கில் 'ரிவர்ஸ்' என்று பெயர். லாரிகளைப் பின்பக்கமாக வரவைத்துச் சரக்கு மேடையோடு ஒட்டி நிறுத்துவதுதான் இருபத்திரண்டு வருட வேலை. கையை நெஞ்சுக்கு நேராக ஆட்டி, "நேரா பின்னாடி வா, ஒடிக்காத, நேரா!" என்று கத்துவார். தூக்கத்திலும் கத்துவார். பக்கத்தில் படுப்பவள் நான்தானே, எனக்குத் தெரியாதா?

கிடங்கில் இரண்டு ஷிஃப்ட். இவருடைய ஷிஃப்டுக்கு ஞாயிறு விடுமுறை, மற்றதற்குப் புதன். புதன்காரர்களுக்கு அதில் ஒரே வயிற்றெரிச்சல். சண்டை முற்றியதும் மேலாளர் அவர்களிடம், "ஒரு ஆட்டம் செஸ் ஆடுங்க. ஜெயிச்சா ஒரு வருஷத்துக்கு ஞாயிறு உங்களுக்கு. டிரா ஆனா இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று கைகழுவிவிட்டார்.

இவருடைய ஷிஃப்டில் காய் நகர்த்தத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை, ஞாயிறு மட்டும்தான் லீவு. இவர் தோற்றால் ஒரு வருடம் நாங்கள் ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள்தான்.

"ஜெயிச்சிடுவீங்களா?"

"அவங்க ஷிஃப்டுக்கு ஆடப்போற அந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்கிட்டயா? வாய்ப்பே இல்ல. தோக்காம இருக்கப் பாக்கறேன்."

என்ன ஒரு தைரியம்! ஒரு மாதம் சாப்பாட்டு மேஜையில் பயிற்சி. இவருக்கு ராஜா மட்டும். எனக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். சிப்பாயைக் கடைசி வரிசைவரை தள்ளினால் ராணியாகிவிடும், ஜெயித்துவிடலாம். தள்ள விட்டால்தானே? முன்னால் வந்து நின்றுகொள்வார். ஒரே ஒரு நாள், நேர் பின்னால் இறங்காமல் ராஜாவைச் சாய்வாகப் பின்னுக்கு இழுத்தார். அன்று மட்டும் நான் ஜெயித்தேன்.

போட்டி கேன்டீனில் நடந்தது. வீட்டாரும் வரலாம் என்றதால் போனேன். டிரைவர் இவருடைய காய்களை ஒவ்வொன்றாக முழுங்கினார். கடைசியில் பார்த்தால் எங்கள் சாப்பாட்டு மேஜையேதான்! டிரைவருக்கு ராஜாவும் சிப்பாயும், இவருக்கு ராஜா. சிப்பாய் மூக்குக்கு நேரே நிற்கிறது. இவர் நகர்ந்தாக வேண்டும். போக மூன்றே கட்டங்கள்: நேர் பின்னால் ஒன்று, சாய்வாக இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

"ரிவர்ஸ் மறுபடியும் பின்னாடிதான்டா!" என்று யாரோ சிரித்தார்கள். இவர் ராஜாவைத் தூக்கினார். கை இடப்பக்கம் சாய்ந்தது. நான் ஜெயித்த அன்று போலவே! கத்தவும் முடியாது.

அப்போது இவருடைய இன்னொரு கை தானாக எழுந்து, நெஞ்சுக்கு நேராக மெல்ல ஆடியது. உதடும் அசைந்தது. ராஜா நேர் பின்னால் இறங்கியது.

அப்புறம் டிரைவரின் ராஜா எந்தப் பக்கம் வந்ததோ, இவருடையது அதற்கு எதிரே போய் நின்றது. சிப்பாய் ஒரு கட்டம் ஏறியது; இவர் அதன் முன்னால் போய் அடைத்தார். சிப்பாயைக் காப்பாற்ற டிரைவர் ராஜாவை நெருக்கினார். இவருக்கு நகரக் கட்டமில்லை, ஆனால் செக்கும் இல்லை; அப்படி நின்றுவிட்டால் யாருக்கும் வெற்றி இல்லை. டிரா. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மதியம்வரை மனிதர் குறட்டைவிட்டுத் தூங்கினார். இதற்குத்தானா இத்தனை பாடு என்று எனக்கு எரிச்சல் வந்தது. எழுப்பப் போனவள், எழுப்பாமல் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.