குழம்பு விசாரித்த ஸ்கேன் டாக்டர்

மார்பில் வந்த புற்றுநோய், அக்குளில் நெறிகட்டுமே, அந்த நிணநீர் முடிச்சுகளுக்கும் குடிபோய்விட்டதா என்று பார்க்கத்தான் கோயம்புத்தூரில் அந்த ஸ்கேன் டாக்டரிடம் போனேன். ஏசி குளிருக்கு மஃப்ளர் சுற்றியிருப்பார். ஏசியை மட்டும் அணைக்க மாட்டார்.

வெளியே காத்திருந்த பெண்கள் தனி மருத்துவக் கல்லூரியே நடத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்கேன் பார்த்துக்கொண்டே அவர், "ஊட்ல இன்னைக்கு என்ன குழம்புங்க?" என்று கேட்டால் பயமில்லை. "கூட யாருங்க வந்திருக்காங்க?" என்றால் பரவிவிட்டது. சோமனூர் அக்கா ஒருவர் சத்தியமே செய்தார். பிறகு ரிப்போர்ட் எதற்கு?

கையைத் தூக்கிப் படுத்தேன். ஜில்லென்று ஜெல்லைத் தடவித் திரையைக் காட்டினார்.

"இந்த முடிச்சு மொச்சக்கொட்ட மாதிரி நீளமா இருக்குதுங்க. நல்லதுங்க."

அடுத்தது கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருந்தது. அதை மட்டும் இரண்டு முறை அளந்தார்.

"கூட யாருங்க வந்திருக்காங்க?"

"யாருமில்லீங்க. தனியாத்தான் வந்தேன்."

நர்ஸ் பக்கத்தில் நின்றிருந்தும், டாக்டரே ஜெல்லைத் துடைத்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரிங்க... ஊட்ல இன்னைக்கு என்ன குழம்புங்க?"

"தட்டப்பயறுங்க."

"போயி நல்லா சாப்டுபோட்டு, நாளைக்கு ஊசி டெஸ்டுக்கு யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். "ஏங்கண்ணு, எதைக் கேட்டாரு?"

"ரெண்டையுந்தானுங்க."

கல்லூரிக்கு அதோடு லீவு விட்டாயிற்று.

பரவியிருப்பதை ஊசி டெஸ்ட் சொல்லிவிட்டது. அந்தக் குழம்புக் கேள்வி என் மேல் இரக்கமா, அவருடைய பசியா என்பதைச் சொல்லத்தான் இன்னும் எந்த டெஸ்டும் வரவில்லை.