மெதுவான பம்பு

தர்மபுரியில் போர்வெல் மோட்டார் வாங்கப் போன கடையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். வீட்டில் கட்டும் சின்ன நீச்சல் குளத்துக்குப் பம்பும் ஃபில்டரும் பார்க்க வந்திருந்தார். நாங்களெல்லாம் தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்றுதான் கேட்போம். அவரோ கடைக்காரர் ஓட்டிக் காட்டிய ஒவ்வொரு பம்புக்கும் கடை முன்னாலிருந்த தொட்டித் தண்ணீருக்குள் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

"இது தள்ளுதுங்க. இன்னும் மெதுவானது காட்டுங்க."

"அப்ப தண்ணி சுத்தமாக ரொம்ப நேரம் ஓட்டணுங்க," என்றார் கடைக்காரர்.

"ஓட்டிக்கலாங்க."

மெதுவானது எதற்கு என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு வாதம் வந்ததுலருந்து தண்ணிக்குள்ள மட்டுந்தாங்க நடக்கறாரு. தள்ளுனா பயந்துக்குவாரு."

கடைசிப் பம்புக்கு அவர் கை அசையவே இல்லை. முகம் தூங்குகிறவர் முகம் போலிருந்தது.

என் மோட்டார் தண்ணீர் இப்போது வயலில் பீறிட்டுக் கொட்டுகிறது. சில நேரம் அதில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். கை ஓரிடத்தில் நிற்பதில்லை.