மூங்கில் ஆட்டமும் நகராத படகும்

இன்று காலை பழவேற்காட்டில் நானும் அண்ணியும் அக்கரைக்குப் போகப் படகுத்துறையில் நின்றிருந்தோம். ஜப்பானிலிருந்து அண்ணன் வீடியோ காலில் வந்தான். அவனோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர்கள் இரண்டு மூங்கில்களைத் தரையில் தட்ட, ஜப்பான்காரர்கள் நடுவே குதித்து ஆடப் பழகிக்கொண்டிருந்தார்கள். மேளம் ஜப்பான் மேளம்.

"கால் மாட்டிக்கினா இன்னா பண்ணுவாங்க?" என்றார் அண்ணி.

"நீதான் ஆடிப் பாரேன்" என்றான் அண்ணன்.

அண்ணி விடுவாரா? படகு தள்ளும் கழிகள் இரண்டை எடுத்து என்னையும் பக்கத்தில் நின்ற ஒருவரையும் தட்டச் சொல்லிக் குதித்தார். அங்கே மேளக்காரர்கள் போனைப் பார்த்து, அண்ணியின் காலுக்கு ஏற்ப அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

படகுக்காரர் வந்தார். "கழியைக் குடும்மா. ஜனங்க ஏறி குந்தினுகிறாங்க."

திரும்பிப் பார்த்தால் படகில் ஒருவரும் இல்லை. எல்லோரும் ஆட வரிசையில் நின்றார்கள்.

படகு ஏன் வரவில்லை என்று அக்கரையில் திட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: வரிசையில் எனக்கு முன்னால் படகுக்காரர்தான் நிற்கிறார்.