கோழிக்கடைக்காரன் கதை முடியவில்லை

அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸில் எனக்கு ஒரு கறிக்கடை. விலாக்கறி வாங்க வருகிறவர்கள்கூட, "என் டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எங்கள் தெருவில் மனநல டாக்டரிடம் போகாதவனைப் பல் துலக்காதவனைப் போலப் பார்ப்பார்கள். நான் துலக்காமலே வெகுகாலம் ஓட்டிவிட்டேன்.

மனைவி கிரசியேலா இறந்ததும் ஞாயிற்றுக்கிழமை விருந்தை நிறுத்தினேன். மகள் மரியேலா வருகிறேன் என்றால் முதுகுவலி என்பேன், அடுப்பு சரியில்லை என்பேன். "என்னப் பாக்கப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடுப்பா. இனிமே நான் கேக்க மாட்டேன்" என்று ஒருநாள் போனை வைத்துவிட்டாள். மனைவி போனாள், இனி மகளும் இல்லையா? பயந்துபோய் டாக்டர் லிடியாவிடம் ஓடினேன்.

அங்கேயாவது உள்ளதைச் சொன்னேனா? டாக்டரம்மாவைச் சிரிக்க வைப்பதே பிழைப்பாகிவிட்டது. கால்பந்து, என் தொப்பை, பக்கத்துக் கோழிக்கடைக்காரன் வீட்டுச் சண்டை. அவர் உதடு லேசாக அசைந்தால் போதும், அன்றெல்லாம் மார்தட்டிக்கொண்டு திரிவேன். காசும் கொடுத்து நாடகமும் போட்ட நடிகன் நான் ஒருத்தன்தான்.

அன்றும் கோழிக்கடைக்காரன் கதையைத்தான் எடுத்தேன். நடுவில் வாய் தவறிவிட்டது.

"சண்டை போடவாவது அவனுக்கு எதிர்ல ஆள் இருக்கு. கிரசியேலா இல்லாத மேசையில என்னால உக்கார முடியல டாக்டர்."

லிடியா எழுந்தார். "இன்னைக்கு இத்தோட நிறுத்திக்கலாம், அன்செல்மோ."

"இப்பத்தானே உக்காந்தேன்! கதையே முடியல!"

"முடிஞ்சிடுச்சு" என்று கதவைத் திறந்துவிட்டார்.

எங்கள் ஊர் டாக்டர்களில் பலர் இப்படித்தான், உண்மை விழுந்த இடத்தில் பேச்சை வெட்டிவிடுவார்கள். நான் கறியைப் பாதியில் வெட்டிவிட்டுப் போனால் சும்மா விடுவார்களா? திட்டிக்கொண்டே நடந்தேன். திட்டு தீர்ந்ததும் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் காதில் மிச்சம் நின்றது. தெருமுனையில் விம்மி விம்மி அழுதேன். ரத்தக்கறை ஏப்ரனோடு ஒருவன் அழுதால் வேறு ஊரில் போலீஸைக் கூப்பிடுவார்கள். இங்கே, நாயோடு போன ஒரு அம்மா, "டாக்டர்கிட்டேருந்து வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அங்கே நின்றபடியே மரியேலாவைக் கூப்பிட்டேன்.

"உன்னப் பாக்கப் பிடிக்காம இல்லடி. உங்கம்மா நாற்காலியப் பாத்துக்கிட்டு எப்படிச் சாப்பிடுறதுன்னு தெரியல."

சொன்ன வேகத்திலேயே பயந்து பழைய கதைக்குத் தாவினேன்.

"அது கிடக்கட்டும், நம்ம கோழிக்கடைக்காரன் இருக்கானே..."

"அப்பா, இத்தோட நிறுத்திக்கலாம்" என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அடுப்ப மட்டும் பத்த வை. ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மா நாற்காலியில நான் உக்காந்துக்கிறேன்."